துண்டுக்கடியில் தேனீ

உலகத்தில் உறக்கம் வராத மனிதன் என்று ஒருவன் கிடையாது. உறக்கம் வருகிற மாதிரி உடம்பை வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதன்தான் உண்டு. வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் இருபத்தாறு வருடமாகத் தரகு பார்க்கும் வேல்முருகன் கண்டுபிடித்த உண்மை இது. நாற்பத்தெட்டு வயதில் ஒருவன் இப்படி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. டீக்கடையில் சொன்னான். கோயில் கமிட்டியில் சொன்னான். ஊசி போட வந்த கால்நடை டாக்டரிடமும் சொன்னான். டாக்டர் மறுபேச்சுப் பேசாமல் ஊசியைப் போட்டுவிட்டுப் போனார். மாட்டுக்குத்தான்.

"எங்க ஊட்டு ஆம்பளைங்களுக்குத் தலை சாஞ்சா உறக்கம்ங்க," என்பான். "எங்கய்யன் ஏர் ஓட்டிட்டே தூங்குவாரு. வரப்பு வந்தா மாடு தானாத் திரும்பும்."

இந்தக் கண்டுபிடிப்புக்கு ஒரே ஒரு இடைஞ்சல் இருந்தது. அது அவன் வீட்டிலேயே, அடுத்த அறையில், கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தது. தம்பி சோலை.

தவறாமல் படிப்பவர்களுக்குக் கதை தெரியும். போன வாரப் பத்திரிகையைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிப்போய்த் திருப்பித் தராதவர்களுக்காக இந்த நாலு வரி.

சோலைக்கு இரண்டு கிட்னியும் ஓய்ந்து இரண்டு வருடம் ஆகிறது. வாரம் மூன்று நாள் மலையாளப் பக்கத்துச் சித்தூரில் டயாலிசிஸ். மெசின் ரத்தத்தைச் சுத்தம் செய்துவிடும். ஆனால் படுத்ததும் காலுக்குள் ஊர்கிற எறும்பையும், தோலுக்கடியில் விடாமல் பிடுங்குகிற அரிப்பையும் மெசினால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தூக்க மாத்திரை கொஞ்ச நாள் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. அதற்கு மேல் கூட்டிக் கொடுக்க டாக்டர் மறுத்துவிட்டார். கடைசியில் வழி கண்டவள் சோலையின் மனைவி சித்ரா. ஓடுகிற பஸ்ஸின் அதிர்வில் அவன் கால் அடங்கியது. அவள் தோளில் தலை சாய்ந்தது. அன்றிலிருந்து வேலந்தாவளத்தில் ஏறிச் சித்தூர், சித்தூரில் அதே சீட்டில் உட்கார்ந்தபடி மறுபடி வேலந்தாவளம். போக வேண்டிய இடம் எதுவுமில்லாமல் தினமும் டிக்கெட் எடுத்தார்கள். சோலை மூன்று மணி நேரம் உறங்கினான். முகத்தில் சிரிப்புக்கூட வந்தது.

அது பொறுக்காமல் போனது வேல்முருகனுக்குத்தான். டீக்கடையில் பத்துப் பேர் முன்னால், பக்கத்தில் இருந்தவன் தோளில் தலையைச் சாய்த்து, வாயைப் பிளந்து, எச்சில் வடிவதுபோல் நடித்துக் காட்டினான்.

"கட்டுனவ தோள்ல தொட்டில் கட்டி ஆட்டறா. இனிக் கண்டக்டரு தாலாட்டுப் பாடுனாச் சரியாப் போவும்."

பத்துப் பேரும் சிரித்தார்கள். பதினோராவது ஆளாகச் சோலை பின்னால் நின்றிருந்தான்.

அதோடு அவன் பஸ் ஏறுவதை விட்டுவிட்டான். ஆஸ்பத்திரிக்கு அண்ணன் பைக்கில் போய் வந்தான். இன்று ஒன்பதாவது நாள். இந்த ஒன்பது ராத்திரியிலும் சேர்த்து அவன் உறங்கியது ஐந்து மணி நேரம் என்கிறாள் சித்ரா. நாலாம் நாள் அடுத்த வீட்டுச் சேவல் கழுத்து திருகிக் கிடந்தது. ஆறாம் நாள் பீரோக் கண்ணாடி போனது. எட்டாம் நாள் கோயில் ஒலிபெருக்கியின் ஒயர் அரிவாளால் வெட்டப்பட்டது. அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. கமிட்டிதான் நிறையச் சொன்னது.

இன்று சந்தை நாள். டயாலிசிஸ் நாளும் இதுதான்.

*

காலை ஏழு மணிக்குக் கற்பகம் மிக்சியைப் போட்டாள். வேல்முருகனின் மனைவியான அவள் அந்த வீட்டில் யாருக்கும் பயந்தவள் இல்லை. ஆனால் மிக்சிக்கு அந்தத் தைரியம் இல்லை. உள்ளேயிருந்து வந்த சோலை அதை ஜாரோடு தூக்கி, ஒயரோடு பிடுங்கி, வாசலில் அடித்தான். தேங்காய்ச் சட்னி சுவரில் ஆள் உயரத்துக்குத் தெறித்தது. பறந்த மூடி கற்பகத்தின் புருவத்தைக் கீறியது.

அவள் ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்குச் சட்னி சுவத்துல இருக்குது. வேணுங்கறவிய தொட்டுக்குங்க," என்று இட்லியை வைத்துவிட்டுப் போனாள்.

சோலை வாசலில் உட்கார்ந்து, மாடு தேய்க்கும் நாரால் தன் முழங்காலுக்குக் கீழே தேய்த்தான். தோல் உரிந்து ரத்தம் கணுக்காலுக்கு வந்தது. அவன் நிறுத்தவில்லை. சித்ரா நாரைப் பிடுங்கினாள். அவன் அவள் மணிக்கட்டை முறுக்கினான். அப்புறம் தான் செய்வது என்ன என்று தெரிந்தவன்போலக் கையை விட்டுவிட்டு, அந்தக் கையாலேயே தன் கன்னத்தில் மூன்று முறை அறைந்துகொண்டான்.

"போதும்டா," என்றான் வேல்முருகன். "கெளம்பு. சந்தைக்கு வா. இன்னிக்கு நீ தான் கை போடற. நாலு மாடு கை மாறட்டும், வேர்வை ஊத்தட்டும். மத்தியானம் அந்த மெசின்ல படுத்ததும் கொறட்டை உட்டர்றயா இல்லையான்னு பாரு."

"மாமா, வேண்டாங்க," என்றாள் சித்ரா. "அந்தக் கையி நெம்பச் சூதானமா இருக்கோணும்னு சொல்லியிருக்கறாங்க. ஆரும் அழுத்தக் கூடாது, முறுக்கக் கூடாது."

அந்தக் கை என்பது வலக்கை. சோலை பிறவியிலேயே இடக்கைக்காரன். சோறும் தரகும் மட்டும் வலக்கை, மற்றதெல்லாம் இடக்கை. அதனால் டாக்டர்கள் அவன் வலது மணிக்கட்டுக்கு மேலே இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றாகச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். மெசினுக்கு ஊசி ஏறுகிற வழி அதுதான். அங்கே விரல் வைத்தால் தோலுக்கடியில் தேனீ சுற்றுவதுபோல் ஒரு ரீங்காரம் துடிக்கும். அது துடிக்கிற வரைக்கும் சோலைக்கு டயாலிசிஸ் உண்டு. நின்றுபோனால் மறுபடி ஆபரேசன், மறுபடி காத்திருப்பு. அதுவரை உடம்பு தாங்குமா என்பது யாருக்கும் தெரியாது.

"விரலைத் தொடறதுக்கு எதுக்கு இத்தனை சட்டம்? முழுக்கைச் சட்டையப் போடச் சொல்லு," என்றான் வேல்முருகன். "பன்னண்டுக்கெல்லாம் உட்டர்றேன். நீ பஸ்ஸுத் தாலாட்டுக்காரி, உனக்கு வைத்தியம் தெரியாது."

சித்ரா அவனைப் பார்த்தாள். சோலை தரையைப் பார்த்தான். கற்பகம் சுவரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

*

வேலந்தாவளம் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. விற்கிறவன் தரகனும் வாங்குகிறவன் தரகனும் எதிரெதிரே நின்று வலக்கைகளைக் கோத்துக்கொள்வார்கள். மேலே ஒரு துண்டு விழும். எந்த விரலைப் பிடிக்கிறான், எந்தக் கணுவை அழுத்துகிறான் என்பதுதான் பேச்சு. சுற்றி நிற்பவர்களுக்கு இரண்டு முகங்கள் மட்டும் தெரியும். அந்த முகங்களும் மாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

சோலைக்கு உடம்பு நன்றாக இருந்த காலத்தில் அவன் விரலுக்கு இந்தச் சந்தையில் எதிர்விரல் கிடையாது. இரண்டு வருடம் கழித்து அவன் வந்து நின்றதும் ஒரு கூட்டம் கூடியது. கண் இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் சிவந்திருந்தது. நின்ற இடத்தில் கால் மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்தான்.

"தம்பிக்கு ஒண்ணுமில்லீங்க," என்று வேல்முருகன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "ஊட்டுல உக்காந்து உக்காந்து வந்த நோவு. இன்னிக்கு ராத்திரி பாருங்க, கல்லு மாதிரி உறங்குவான்."

காங்கேயம் காளை ஒன்று. கொழிஞ்சாம்பாறைக்காரர் கொண்டுவந்தது. வாங்குகிறவர் பக்கத்துக்குத் தரகர் ஆனைமலை சென்னியப்பன். ஆறடி உயரம். சிரித்ததாகத் தகவல் இல்லை. கூடவே கையில் தடியோடு இரண்டு ஆட்கள் வருவார்கள். மாடு ஓட்டுவதற்கு என்று சொல்லிக்கொள்வார்கள்.

சோலை இடக்கையை நீட்டினான்.

சுற்றியிருந்தவர்கள் மூச்சை இழுத்தார்கள். துண்டுக்கடியில் இடக்கையை நீட்டுவதும் செருப்பைக் கழற்றி நீட்டுவதும் இந்தச் சந்தையில் ஒன்றுதான்.

"இதென்னப்பா, ஆளைப் பாத்து நீட்டறயா?" என்றார் சென்னியப்பன்.

"சோத்துக்கைய குடுறா," என்று வேல்முருகன் பல்லைக் கடித்தான். "மானத்த வாங்காத."

சோலை அண்ணனை ஒரு கணம் பார்த்தான். அப்புறம் வலக்கையை நீட்டினான். துண்டு விழுந்தது.

முதல் இரண்டு சுற்று பழைய சோலைதான். சென்னியப்பனின் தாடை இறுகியது. அது நல்ல அறிகுறி. மூன்றாவது சுற்றில் சென்னியப்பன் விரலை அழுத்திவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். பதில் வரவில்லை. நின்றபடியே, பாதிக் கண் திறந்தபடியே, சோலை உறங்கிப்போயிருந்தான்.

வேல்முருகன் அதைப் பார்த்தான். ஒன்பது நாளில் முதல் முறையாகத் தம்பியின் தாடை தளர்ந்திருந்தது. மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றிருந்தது. 'பாத்தீங்களா, வேலை குடுத்தா உறக்கம்' என்று சந்தைக்கே அறிவிக்க அவன் வாயைத் திறந்தான்.

சென்னியப்பன் இன்னொரு முறை அழுத்தினார். பதில் இல்லை. அவர் பிடி மேலே நகர்ந்து மணிக்கட்டுக்கு வந்தது. அங்கே ஏதோ விர்ரென்று துடித்தது.

"கெரகத்த," என்றார். "ஏனப்பா, கைக்குள்ள என்னத்தக் கட்டி வெச்சிருக்கற?"

பதிலையும் அவரே சொன்னார்.

"போனு. சத்தமில்லாம நடுங்கற மாதிரி போட்டு வெச்சிருக்கறானுக. துண்டுக்குள்ள நாம பேசறதை அங்க ஒருத்தன் கேட்டுட்டு இருக்கறான். என்ற கையிலயே நடுங்குதப்பா."

சந்தை அதை உடனே நம்பியது. இருபது வருடமாக மாட்டுக் கொம்புக்கு எண்ணெய் பூசி வயதைக் குறைத்து விற்றவர்கள் எல்லாம், இப்படியும் ஒரு ஏமாற்று உண்டா என்று முகம் சுளித்தார்கள். கொழிஞ்சாம்பாறைக்காரர் தன் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி கீழே வைத்தார்.

"அது நோவுக்கு வெச்ச..." என்று வேல்முருகன் தொடங்கினான்.

சென்னியப்பன் துண்டை வீசிவிட்டுச் சோலையின் சட்டைக் கையைத் தோள் வரைக்கும் கிழித்தார். உள்ளே போன் இல்லை. கயிறு மாதிரிப் புடைத்து நெளிந்த நரம்பும், ஊசி குத்திய தழும்பு வரிசையும்தான் இருந்தன. அதையும் ஏதோ மறைவு என்று நினைத்து அவர் நகத்தால் கீறி, வெடுக்கென்று இழுத்தார்.

சோலை விழித்துக்கொண்டான்.

"எவன்டா என்னை எழுப்புனது?"

குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. ஓடியிருக்க வேண்டியவர்கள் ஓடவில்லை.

"நாந்தான்," என்றார் சென்னியப்பன். "இப்ப என்னங்கற?"

காளைக்காரர் கையிலிருந்த தார்க்குச்சி எப்போது சோலையின் இடக்கைக்கு மாறியது என்று யாரும் பார்க்கவில்லை. இடக்கைக்காரன் அடி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பது உலகத்தில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. முதல் அடியில் சென்னியப்பனின் நெற்றி பிளந்தது. இரண்டாவது அடி காதின் மேல். அவர் மண்டியிட்டார். சோலை அடித்துக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு அடிக்கும் ஒரே கேள்வி.

"எதுக்குடா எழுப்புன? எதுக்குடா எழுப்புன?"

இரண்டு ஆட்களும் பாய்ந்தார்கள். ஒருவன் தடியால் சோலையின் முதுகில் இறக்கினான். காளை கயிற்றை அறுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடியது. தடுக்கப் போன வேல்முருகனின் வாயில் தார்க்குச்சியின் அடிமுனை ஏறியது. முன்பல் ஒன்று நாக்கில் வந்து விழுந்தது. அடித்தவன் தம்பிதான். அவனுக்கு அப்போது அண்ணன், ஆனைமலை என்ற வித்தியாசமில்லை. எழுப்பியவர்கள், எழுப்பாதவர்கள் என்றுகூட இல்லை.

மற்றவன் சோலையின் வலக்கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். கீறலிலிருந்து ரத்தம் கோடாக வடிந்தது.

வேல்முருகனுக்கு அந்தக் கை மட்டும்தான் கண்ணில் பட்டது. மாடு கட்டும் முளையைத் தரையிலிருந்து பிடுங்கினான். முறுக்குகிறவன் மண்டையைக் குறிவைத்து வீசினான்.

அந்த ஆள் குனிந்துவிட்டான். குனியாமல் நின்றவள் சித்ரா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வந்தவள், கூட்டத்தைப் பிளந்து ஓடி வந்து, புருசனின் கைமேல் விழப் போனவள்.

முளை அவள் இடது தோளில் விழுந்தது. கட்டை உடைகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. உடைந்தது முளை இல்லை.

அவள் கத்தவில்லை. முட்டிபோட்டு நகர்ந்து போய், நல்ல கையால் சோலையின் வலக்கையைப் பிடுங்கிக்கொண்டாள். முந்தானையால் கீறலை லேசாகப் பொத்திக்கொண்டு, மணிக்கட்டுக்கு மேலே காதை வைத்தாள்.

"எல்லாரும் வாயை மூடுங்க."

முந்நூறு மாடும் அதைவிட அதிகமான மனிதர்களும் இருந்த இடத்தில், அசை போடுகிற சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. சோலையின் கையிலிருந்து தார்க்குச்சி விழுந்தது. வேல்முருகன் வாயில் பல்லோடு நின்றான்.

"இருக்குது," என்றாள் கடைசியில். "மெல்லிசா இருக்குது."

சென்னியப்பன் கண்ணில் இறங்கிய ரத்தத்தைத் துடைத்தபடி கேட்டார். "என்னம்மிணி அது?"

"அவரு உசுருங்க. இப்ப நீங்க புடிச்சு இழுத்தீங்களே, அதுதான்."

சென்னியப்பன் மண்ணில் கையூன்றி எழுந்தார். அவருடைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சந்தையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னவோ இருந்துட்டுப் போவுது," என்றார். "ஆனைமலைக்காரன் தலைய ஒடச்ச கையி முழுசா ஊடு போய்ச் சேராது. இன்னிக்குப் பொழுதுக்குள்ள."

*

சென்னியப்பனைத் தலைக்குக் கட்டுப் போட ஆட்கள் அழைத்துப்போன இடைவெளியில் கிளம்பி, ஒரு சரக்கு ஆட்டோவில் மூவரும் சித்தூர் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். டயாலிசிஸ் சென்டரில் நர்ஸ் ஜோமோள் சோலையின் கையில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். கீறலுக்கு மருந்து வைத்துக் கட்டினாள். டாக்டரும் வந்து பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

"சவுண்டு உண்டு சேட்டா, பேடிக்க வேண்டாம், பயமில்லை," என்றாள். மலையாளத்தையும் தமிழையும் சேர்த்தே பேசுவாள். "ரெண்டரைக்கு டயாலிசிஸ் சேர் காலியாவும். ரெண்டேகாலுக்கு இவிடெ இருக்கணும். இன்னைக்கு டயாலிசிஸ் மொடக்கக் கூடாது, கேட்டோ? முகம் நோக்கு, நீர் ஏறியிருக்கு."

சித்ராவை எக்ஸ்ரேக்குக் கூட்டிப் போனார்கள். அண்ணனும் தம்பியும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சோலையின் முழங்கால் இரண்டும் தையல் மெசின் மிதிப்பதுபோல ஆடின. நகம் கழுத்தைப் பிறாண்டியது.

"ண்ணா, நான் அந்தச் சேர்ல படுக்க மாட்டேன்."

"கம்முனு இருடா."

"நாலு மணி நேரம் முழிச்சுட்டே படுத்திருக்கோணும். அப்பறம் ஊட்டுல ராத்திரி பூரா முழிச்சிருக்கோணும். ரத்தம் சுத்தமாயி என்ன பண்றது? இன்னும் நல்லா முழிச்சுக்கலாம், அவ்வளவுதான். எனக்கு வேண்டாம். ஒண்ணு தூங்கோணும், இல்லீன்னா செத்துப் போவோணும். எது மொதல்ல வருதோ வரட்டும்."

"மெரட்டறயாக்கும்? மனசு வெச்சா உறக்கம்..."

அந்த வாக்கியம் முடியவில்லை. சோலை எழுந்து இடக்கையால் அண்ணன் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். சுவரில் மாட்டியிருந்த உப்பு குறைப்பது பற்றிய படம் கழன்று விழுந்து கண்ணாடி சிதறியது.

"பத்துப் பேரு சிரிச்சாங்க," என்றான் சோலை. "நீ தலையைச் சாய்ச்சுக் காட்டுன. வாயைத் தொறந்து காட்டுன. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். நான் தூங்கறப்ப அப்பிடித்தான் இருக்கும்போலன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

வேல்முருகனுக்கு மூச்சு நின்றது. இருபத்தாறு வருடமாகச் சந்தைக் காளைகளை மடக்கிய கைகள் பக்கத்திலேயே தொங்கின. அவன் அவற்றைத் தூக்கவில்லை. தூக்கினால் அந்த வலக்கையில் பட்டுவிடலாம்.

ஜோமோள் ஓடி வந்து சோலையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "கொல்லணும்னா வெளியே போய்க் கொல்லுங்க. இவிடெ பேசண்ட்ஸ் உண்டு," என்றாள்.

சித்ரா கழுத்தில் தொட்டில் கட்டிய கையோடு திரும்பி வந்து நின்றாள். காரை எலும்பு முறிந்திருந்தது. அவள் சிதறிக் கிடந்த கண்ணாடியையும், ஆடுகிற முழங்கால்களையும், அண்ணனின் கழுத்தில் பதிந்த ஐந்து விரல்களையும் பார்த்தாள்.

"ஸ்டேண்டுல பச்சை பஸ்ஸு நிக்குதுங்க மாமா," என்றாள். "கொழிஞ்சாம்பாறை போயிட்டுத் திரும்பறக்கு ஒரு மணி நேரம் ஆவும்."

தன் தோளை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

*

"ஊரு சிரிக்கும்," என்றான் சோலை, படிக்கட்டில் நின்றுகொண்டு.

"ஏறு," என்றான் வேல்முருகன். முன்பல் இல்லாததால் அது காற்றாக வந்தது.

சன்னலோரம் தம்பி. பக்கத்தில் அண்ணன். கட்டுப் போட்ட வலக்கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான் வேல்முருகன். பஸ்ஸில் பாதி வேலந்தாவளத்து முகங்கள். டீக்கடையில் சிரித்த பத்துப் பேரில் மூன்று பேர் பின்சீட்டில் இருந்தார்கள். வேல்முருகன் நேராகக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான்.

பஸ் கிளம்பி, கல் பாலம் தாண்டியதும் சோலையின் முழங்கால் ஆட்டம் குறைந்தது. வயல் வந்ததும் நின்றது. தலை சன்னல் கம்பியில் இடித்தது. நிமிர்ந்தது. மறுபடி இடித்தது. மூன்றாவது முறை இந்தப் பக்கம் சாய்ந்து வேல்முருகனின் தோளில் விழுந்தது. மாட்டுத் தலையைவிடக் கனமாக இருந்தது. வாய் திறந்துகொண்டது. வெள்ளைச் சட்டையில் எச்சில் ஒரு வட்டமாகப் பரவியது.

பின்சீட்டில் யாரோ செருமினார்கள். யாரும் சிரிக்கவில்லை, சிரித்தார்களா என்று வேல்முருகன் திரும்பிப் பார்க்கவும் இல்லை. திரும்பினால் தோள் அசையும்.

அடுத்த நிறுத்தம் ஒரு கிளினிக் வாசல். சென்னியப்பன் ஏறினார்.

தலையைச் சுற்றிக் கட்டு. பின்னால் ஒரே ஓர் ஆள், தடியோடு. பஸ்ஸை ஒரு பார்வை பார்த்தார். நேராக இந்தச் சீட்டுக்கு வந்து நின்றார்.

"எந்திரிக்கச் சொல்லு."

வேல்முருகன் சந்தையில் பேசினால் மூன்றாவது தெருவில் கேட்கும். இப்போது பக்கத்துச் சீட்டுக்காரருக்கே கேட்டிருக்காது.

"மெல்லப் பேசுங்க. தூங்கறான்."

"என்னது?"

"தூங்கறானுங்க. ஒம்போது நாளாச்சு." உதட்டில் ஊறிய ரத்தத்தைத் துப்ப வேண்டுமானால் எழ வேண்டும், விழுங்கிக்கொண்டான். "அடிக்கறதுன்னா என்னை அடிங்க. இந்தப் பக்கத்துத் தோளை மட்டும் உட்டுட்டு அடிங்க."

சென்னியப்பன் அடித்தார். திறந்த உள்ளங்கை, முழு வீச்சு. வேல்முருகனின் முகம் திரும்பியது. கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. இரண்டாவது அடியில் காது அடைத்தது. மடியிலிருந்த கையை அவன் இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். மூன்றாவது அடிக்கு ஓங்கிய கை மேலேயே நின்றது.

சோலை குறட்டை விட்டான்.

சென்னியப்பன் அந்தத் திறந்த வாயையே பார்த்தார். அப்புறம் எதிர்ச்சீட்டில் இருந்தவரைப் பார்த்தார். அவர் எழுந்துகொண்டார். சென்னியப்பன் உட்கார்ந்து, தடியை வாங்கி இரண்டு முழங்காலுக்கு நடுவில் நட்டுக்கொண்டார்.

"முழிக்கட்டும்," என்றார். அவரும் தாழ்ந்த குரலில்தான் சொன்னார். "முழிச்சதும் என்ற தலைய ஒடச்ச கையி எனக்கு வேணும்."

மணி ஒன்றரை. ரெண்டேகாலுக்குள் இவனை எழுப்பிச் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டும். எழுப்பினால் எதிர்ச்சீட்டில் தடி இருக்கிறது. எழுப்பாவிட்டால் நாற்காலி போய்விடும்.

கண்டக்டர் வந்தார். "எங்கீங்க?"

"கொழிஞ்சாம்பாறை ரெண்டு," என்று வேல்முருகன் உதட்டை மட்டும் அசைத்தான். "அங்கிருந்து திரும்பச் சித்தூரு ரெண்டு."

கண்டக்டர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, விசிலை வாயிலிருந்து எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

முன்னால் ஒரு வளைவு வந்தது. வேல்முருகன் முன்சீட்டுக் கம்பியில் காலை ஊன்றி, தலை நழுவாதபடி தோளைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தான்.